வைத்திருப்பதா, கைமாற்றுவதா? – மலையகத் தோட்டங்களில் ஒரு பழைய படைத்துப்பாக்கியின் வரலாற்றுப் பெறுமதி

மலையகத்தின் பழைய தோட்டப் பங்களா ஒன்றிலோ, தோட்ட சேவையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் இல்லத்திலோ, பெட்டியொன்றின் அடியில் எண்ணெய்த் துணியிற் சுற்றப்பட்ட பழைய படைத்துப்பாக்கியொன்று வெளிப்படுமாயின், அதனை என்ன செய்வது என்னும் வினா உடன் எழும். பாட்டன் காலத்துப் பொருள் என வைத்திருக்கலாம் என்பார் சிலர். வெளிநாட்டிலே இத்தகைய பொருளுக்கு நல்ல விலையுண்டு எனக் கேள்வியுற்று, விற்றோ பண்டமாற்றுச் செய்தோ பயன்பெறலாம் என்பார் வேறு சிலர். வம்பு வேண்டாம், பொலிசில் ஒப்படைத்து விடுவதே மேல் என்பார் மற்றுஞ் சிலர். இம்மூன்று கருத்துகளும் அப்பொருளை உடையவரின் சொந்த விடயமாகவே அதனைக் கொள்கின்றன. ஆனால் நுவரெலியா, ஹற்றன், கண்டி, பதுளை என விரியும் தேயிலைப் பிரதேசத்தில் துப்பாக்கி என்றுமே தனியொருவரின் சொந்த விடயமாக இருந்ததில்லை. அதனை ஏந்த அனுமதிக்கப்பட்டவர் யார், மறுக்கப்பட்டவர் யார், அதன் வாய் யாரை நோக்கியிருந்தது என்ற வினாக்களுக்கான விடைகளிலே அப்பிரதேசத்தின் சமூக வரலாறு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஆகவே, வைத்திருப்பதா கைமாற்றுவதா என்னும் வினாவுக்கு விடை காண்பதற்கு முன்னர் அவ்வரலாற்றை நோக்குதல் இன்றியமையாதது.

வேட்டைத் துப்பாக்கியும் படைத்துப்பாக்கியும்

பேச்சு வழக்கிலே துவக்கு எனப்படும் துப்பாக்கி மலைநாட்டுக்கு இருவகையாக வந்தது. ஒன்று வேட்டைத் துப்பாக்கி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவிற் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கர், இலங்கையில் தமது வேட்டை அனுபவங்களை 1854இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். பதுளையில் அரசாங்க அதிகாரியாக விளங்கிய மேஜர் றொஜர்ஸ் சுட்டு வீழ்த்திய யானைகள் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்டவை எனக் கணக்கிடப்படுகின்றன. 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்ட அவரது கல்லறை நுவரெலியாவிலே உள்ளது. 1876இல் நுவரெலியாவிற் தோன்றிய ஹில் கிளப்பின் சுவர்களிற் காணப்படும் விலங்குத் தலைகளும் இவ்வேட்டை மரபின் எச்சங்களே. காடு அழிந்து கோப்பியும் பின்னர் தேயிலையும் பரவிய பின்னரும், காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காத்தல் என்ற தேவை வேட்டைத் துப்பாக்கிக்கு இருந்து வந்துள்ளது.

மற்றையது படைத்துப்பாக்கி, அதிலும் குறிப்பாக, படை அதிகாரிகள் இடுப்பிற் தரித்த கைத்துப்பாக்கியும் சுழல் துப்பாக்கியும். இதன் குழல் குறுகியது. தூரத்து இலக்குக்கு உதவாதது. மான் வேட்டைக்கோ பயிர்க் காவலுக்கோ அதனை எவரும் கொள்வதில்லை. சில அடி தூரத்தில் நிற்கும் மனிதனே அதன் இலக்கு. இவ்வேறுபாடு கருத்திற் கொள்ளத்தக்கது. பங்களாச் சுவரிலே தொங்கிய வேட்டைத் துப்பாக்கி துரையின் பொழுதுபோக்கைக் காட்டியது. மேசை இழுப்பறையிற் கிடந்த சுழல் துப்பாக்கியோ அவர் தம்மைச் சூழ வாழ்ந்த மனிதரை எவ்வாறு நோக்கினார் என்பதைக் காட்டியது. ஒரு துரையும் இரண்டொரு சின்னத்துரைமாரும் நூற்றுக்கணக்கான தொழிலாளரைக் கொண்ட மலைச்சரிவிலே தனித்து வாழ்ந்த அமைப்பில், அச்சம் இருபுறமும் இருந்தது. ஆயுதம் மட்டும் ஒருபுறத்திலே இருந்தது.

படைக்கருவி தனியுடைமையான வரலாறு

படைக்குரிய கருவியொன்று தனியார் பெட்டியில் எவ்வாறு தங்கியது என்ற ஐயம் எழலாம். இதற்கான விடை பிரித்தானியப் படையின் பழைய நடைமுறையில் உள்ளது. சாதாரணப் போர்வீரனின் நீள் துப்பாக்கி அரசின் சொத்து. சேவை முடிந்ததும் அது களஞ்சியத்துக்குத் திரும்ப வேண்டும். அதிகாரியோ தமது வாளையும் கைத்துப்பாக்கியையும் தமது செலவிலேயே வாங்கிக்கொள்ள வேண்டியவராயிருந்தார். படையின் .455 அங்குலத் தோட்டாவை ஏற்கக்கூடியதாயின், எவ்வகைத் துப்பாக்கியையும் அவர் தெரிந்துகொள்ளலாம். பேர்மிங்ஹாம் நகரின் வெப்லி நிறுவனம் செய்த சுழல் துப்பாக்கியே இவ்வகையிற் பெருவழக்குப் பெற்றது. அதன் முதலாம் மாதிரி 1887இலும் ஆறாம் மாதிரி 1915இலும் படையினால் ஏற்றுக்கொள்ளப்பட்டன. ஆறு அறைகள் கொண்ட உருளை, நடுவில் மடிந்து திறக்கும் உடல், கைப்பிடியின் அடியிலே கயிறு கோக்கும் வளையம், ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நிறை என்பன ஆறாம் மாதிரியின் அடையாளங்கள். தமது பணத்தில் வாங்கிய பொருளாதலால், போர் முடிந்ததும் அதிகாரி அதனைத் தம்முடன் கொண்டு செல்ல முடிந்தது.

மலையகத்திலே இந்நடைமுறைக்கு வழிசமைத்தது இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை ஆகும். தென்னாபிரிக்காவில் போவர் யுத்தம் நிகழ்ந்துகொண்டிருந்த 1900ஆம் ஆண்டில், கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு இத்தொண்டர்படை அமைக்கப்பட்டது. ஐரோப்பியர் மட்டுமே இதிற் சேரலாம். தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் துரைமாரும் சின்னத்துரைமாருமே இதன் உறுப்பினர். முதலாம் உலகப்போர் தொடங்கியதும், 1914 ஒக்டோபரில் இப்படையைச் சேர்ந்த 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் எகிப்துக்குக் கப்பலேறினர். அங்கு சுயஸ் கால்வாய்க் காவலில் ஈடுபட்ட இவர்கள், 1915இல் கலிப்பொலிப் போர்முனையில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் தளபதி பேர்ட்வூட்டின் தலைமையகத்தைக் காத்தனர். பின்னர் இவர்களுட் பலர் பிரித்தானிய, இந்தியப் படைகளில் அதிகாரிகளாயினர். போரிலே உயிர் தப்பியோரிற் பலர் தேயிலைத் தோட்டங்களுக்கு மீண்டனர். முன்னர் சாதாரணத் தொண்டராகச் சென்றவர் கப்டனாகவும் மேஜராகவும் திரும்பிவர, அப்பட்டமும் பிரட்டுக்களத்திலே அவருடைய அதிகாரத்தின் ஒரு பகுதியாயிற்று.

ஆயுதம் யாருக்குரியது?

மலைநாட்டில் ஆயுதத்துக்கும் ஆட்சிக்கும் உள்ள தொடர்பு தேயிலைக்கும் முந்தியது. 1848இல் தேசாதிபதி டொரிங்டன் விதித்த புதிய வரிகளுள், துப்பாக்கியொன்றுக்கு இரண்டு சிலிங் ஆறு பென்ஸ் அனுமதிக் கட்டணமும் ஒன்று. சேனைப் பயிரை விலங்குகளிடமிருந்து காத்த கண்டிய விவசாயிக்கு அது பெருஞ்சுமையாயிற்று. அவ்வாண்டு ஜூலையிலே மாத்தளைப் பகுதியில் வெடித்த கிளர்ச்சிக்கான காரணங்களுள் இவ்வரிகளும் அடங்கும். இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு கண்டியிலே துப்பாக்கிச் சூட்டினால் மரணதண்டனைக்குள்ளானார். நாட்டு மக்களின் கையிலுள்ள துப்பாக்கியைக் கணக்கிட்டுக் கட்டுப்படுத்த முனைந்த அரசு, தனது துப்பாக்கியினாலேயே அவ்விவகாரத்தை முடித்துவைத்தது.

தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாக மலையேறிய தொழிலாளரின் நிலை இன்னும் வேறானது. கண்டிய விவசாயியிடம் வரி விதிக்கத்தக்க துப்பாக்கியாவது இருந்தது. தொழிலாளியின் கையிலோ மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியுமே இருந்தன. அவரை அடக்குவதற்குப் பெரும்பாலான நாட்களிலே துப்பாக்கி தேவைப்படவுமில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. 1921இல் ஒழிக்கப்படும்வரை துண்டு முறை, கடன் தீராத தொழிலாளி வேறொரு தோட்டத்துக்குச் செல்வதைத் தடுத்தது. துண்டும் பிரம்பும் கங்காணியின் கடன் கணக்குமே அன்றாட ஆயுதங்கள். அவற்றுக்கு அப்பால் இறுதியில் எஞ்சி நிற்பது எது என்பதைத் துரையின் இடுப்பு வார் நினைவூட்டிற்று.

1915ஆம் ஆண்டின் கலவரத்தில் அவ்விறுதி ஆயுதம் வெளிப்படையாகவே பயன்படுத்தப்பட்டது. சிங்கள மக்களுக்கும் முஸ்லிம் மக்களுக்கும் இடையே கண்டியில் தொடங்கிய மோதல் பிறவிடங்களுக்கும் பரவியபோது, தேசாதிபதி சால்மேர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். பஞ்சாபிப் படையினரோடு ஐரோப்பியத் தொண்டர்களும் களத்தில் இறக்கப்பட்டனர். துரைமார் உட்பட ஐரோப்பியர் சிலர் விசேட ஆணையாளராக அதிகாரம் பெற்றனர். விசாரணையின்றி நிகழ்ந்த கொலைகள் குறித்துச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையிலே குரல் எழுப்பியதோடு, இங்கிலாந்து சென்று முறையிட்டு, 1916இல் அது பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் வெளியிட்டார். கொழும்பு நகரக் காவற்படையில் அதிகாரியாகவிருந்த இளைஞர் ஹென்றி பேதிரிஸ் 1915 ஜூலை 7இல் சுட்டுக் கொல்லப்பட்டமையும் இங்கு நினைவுகூரத்தக்கது. ஆயுதம் ஏந்த அனுமதிக்கப்பட்ட சுதேசி ஒருவருக்கு அவ்வனுமதி எத்துணைப் பாதுகாப்பற்றது என்பதை அவரது முடிவு உணர்த்திற்று.

இதற்கு அடுத்த ஆண்டிலேயே, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையிலுள்ள சட்டம் இதுவே. அனுமதிப்பத்திரமின்றி எவரும் துப்பாக்கி வைத்திருக்கலாகாது. அவ்வனுமதி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும். அனுமதி ஆளுக்கு உரியது. காணியும் நகையும் போல அது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குத் தானாக வந்து சேர்வதில்லை. பழைய துப்பாக்கி கைக்கு வந்தவர் முதலில் அறிய வேண்டியது இதுவே. வைத்திருப்பதா விற்பதா என அவர் ஆராய்ந்துகொண்டிருக்கும் நாட்களிலும் சட்டத்தின் பார்வை அவர்மீது இருக்கின்றது.

முல்லோயாவில் எழுந்த வினா

துப்பாக்கிக்கும் தோட்டத்துக்கும் இடையேயான உறவின் உண்மையான தன்மையை நாடு முழுவதற்கும் உணர்த்திய நிகழ்ச்சி 1940 ஜனவரி 10இல் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் நிகழ்ந்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் வணிக நோக்கில் முதன்முதலாகத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டமும் இதே ஹேவாஹெட்டைப் பகுதியைச் சேர்ந்ததே. கூலி உயர்வு கோரி முல்லோயாத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்திருந்த வேளையில், பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். மலையகத் தொழிலாளர் போராட்டத்தின் முதற் களப்பலியாக அவர் இன்றும் போற்றப்படுகின்றார்.

இச்சாவு தோட்ட எல்லையோடு அடங்கவில்லை. விசாரணை ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவியின் சார்பில் சமசமாஜக் கட்சியின் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். விசாரணை முடியும்வரை வேலைநிறுத்தக்காரர் மீதான வழக்குகளை ஒத்திவைக்கவேண்டும் என்பது உள்நாட்டு அமைச்சர் சேர் டி. பி. ஜயதிலக்கவின் நிலைப்பாடு. அதனைப் பொலிஸ் மா அதிபர் ஏற்கவில்லை. தேசாதிபதி கல்டிகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். இதனை எதிர்த்து அமைச்சர்கள் பதவி துறந்தனர். நாட்டு மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த அமைச்சரா, முடியரசின் பிரதிநிதியா, துப்பாக்கிக்குக் கட்டளையிடும் அதிகாரம் உடையவர் யார் என்பதே அந்நெருக்கடியின் சாரம். பெயரறியப்படாத ஒரு தோட்டத் தொழிலாளியின் மார்பிற் பாய்ந்த ரவை, டொனமூர் அரசியலமைப்பின் மையத்தையே தொட்டது எனலாம்.

தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சியை இதனோடு சேர்த்து நோக்கவேண்டும். 1931இல் கோ. நடேசய்யர் ஹற்றனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியிருந்தார். தொழிலாளி தனித்து நின்ற காலத்தில் துரையின் சுழல் துப்பாக்கிக்கு இருந்த அச்சுறுத்தும் ஆற்றல், அவர் சங்கமாக நின்றபோது குன்றியது. எனவேதான் முப்பதுகளின் பிற்பகுதியிலும் நாற்பதுகளிலும் துரையின் தனிப்பட்ட ஆயுதத்தின் இடத்தை அரசின் பொலிஸ் துப்பாக்கி மேலும் மேலும் பெறலாயிற்று. பங்களா இழுப்பறையிலிருந்த ஆயுதம் மெல்ல மெல்லப் பழம்பொருளாகியது.

கைமாறிய தோட்டங்கள்

சுதந்திரத்தின் பின்னர், 1949இல் இலங்கை இராணுவம் அமைக்கப்பட்டபோது, ஐரோப்பியருக்கு மட்டுமே இடமளித்த தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை கலைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் நிறைவேறிய 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியிருந்தது. ஒரு தரப்பின் படை கலைந்தது. மறு தரப்பின் உரிமையே கலைந்தது. ஆயுதத்தைப் படைக்கலக் களஞ்சியத்திலே திருப்பி வைத்தல் எளிதாயிருந்தது. பறித்த பிரசாவுரிமையைத் திருப்பிக் கொடுத்தற்கோ அரை நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது.

1971 ஏப்ரிற் கிளர்ச்சியின்போது வீடுகளிலிருந்த வேட்டைத் துப்பாக்கிகளைக் கைப்பற்றியும் கையாற் செய்த குண்டுகளைக் கொண்டும் இளைஞர் பொலிஸ் நிலையங்களைத் தாக்கினர். உறங்கிக் கிடப்பதாகக் கருதப்பட்ட துப்பாக்கி மறுபடி விழித்தெழலாம் என்பதற்கு அக்கிளர்ச்சி சான்று. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோது, பிரித்தானியத் துரைமாரின் காலம் நிறைவெய்தியது. தளபாடம், பீங்கான், பழைய படங்கள், வேட்டைச் சின்னங்கள் எனப் பங்களாப் பொருள்கள் கைமாறிச் சிதறின. ஒரு காலத்தின் பொருட்சான்றுகள் அவற்றின் இடத்தினின்றும் கதையினின்றும் பிரிந்த காலம் அதுவே.

ஆயின் துரை நீங்கியதும் துப்பாக்கி நீங்கிவிடவில்லை. 1977 மே மாதத்தில், நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பங்கிட எடுத்த முயற்சியை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டபோது, டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் என்னும் இளைஞர் பொலிஸ் சூட்டுக்கு இரையானார். முல்லோயாவுக்கும் டெவனுக்கும் இடையே முப்பத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன. ஆட்சி மாறியது, கொடி மாறியது, தோட்டத்தின் உடைமையும் மாறியது. குழலின் திசை மாறவில்லை.

கைமாற்றத்தில் அழிவது

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு மீளலாம். பழைய படைத்துப்பாக்கியை விற்பதில் என்ன தவறு? சேகரிப்போர் சந்தையிலே அதன் விலை, மாதிரி, ஆண்டு, பழுதின்மை என்பவற்றைக் கொண்டு கணிக்கப்படுகின்றது. இம்மலைச்சரிவு எது, அத்தோட்டம் எது, அக்கருவி யார் கையில் எக்காலத்தில் இருந்தது என்ற செய்திகள், புகழ்பெற்ற போர்வீரர் ஒருவரின் பெயர் தொடர்புபட்டாலன்றி, அங்கு விலை போவதில்லை. மேலும், சந்தை பொருளைத் தன் தேவைக்கேற்ப மாற்றியும் விடுகின்றது. இரண்டாம் உலகப்போரின் பின்னர் உபரியாக அமெரிக்கச் சந்தையை அடைந்த வெப்லி ஆறாம் மாதிரித் துப்பாக்கிகள் பல, அந்நாட்டில் எளிதிற் கிடைத்த .45 தோட்டாவை ஏற்குமாறு உருளையின் பின்புறம் அராவப்பட்டன. வேறு சில, கண்ணுக்கு இனிதாகும்படி நிக்கல் முலாம் பூசப்பட்டன. அரத்தின் கீழும் முலாத்தின் கீழும் மறைந்தவை அவற்றின் அடையாளங்களே.

அவ்வடையாளங்கள் எத்துணை முக்கியமானவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். பிரித்தானிய அரசின் சொத்தாயிருந்த ஆயுதத்தில் அகன்ற அம்புக்குறி பொறிக்கப்பட்டது. அரசு அதனை முறைப்படி விற்றபோது, முனைகள் ஒன்றையொன்று நோக்கும் இரு அம்புகளாகக் குறி இடப்பட்டது. அதிகாரி கடையிலே தம் பணத்தில் வாங்கிய துப்பாக்கியில் அரச அம்பு இருப்பதில்லை. எனவே தனி அம்பு மட்டும் காணப்படுமாயின், அப்பொருள் படைக்களஞ்சியத்திலிருந்து எவ்வாறு வெளிவந்தது என்ற ஐயம் எழும். விற்க முனைபவரின் உரிமையே கேள்விக்குள்ளாகும். ஒரு சிறு பொறிப்பு, அக்கருவி தனியொருவரின் பெருமையா அரசின் அதிகாரமா என்பதைச் சொல்லிவிடுகின்றது.

வீட்டிலேயே வைத்திருத்தலும் ஏற்கத்தக்கதன்று. அனுமதிப்பத்திரமற்ற துப்பாக்கி வீட்டாருக்குத் தீராத இடர். 1971இன் அனுபவமும் இலங்கையின் பிற்கால யுத்த அனுபவமும் நோக்குமிடத்து, எந்த ஆயுதமும் தன் பழமை காரணமாகத் தீங்கற்றதாகிவிடுவதில்லை. உரிய தோட்டா இல்லை எனினும், அதனைக் கண்டு அஞ்சுபவர் அதனுள் தோட்டா இல்லை என்பதை அறியமாட்டார். 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பாதுகாப்பு அமைச்சு, தற்பாதுகாப்பின் பொருட்டு வழங்கப்பட்ட அனுமதிபெற்ற துப்பாக்கிகளைக்கூட மீளாய்வுக்காக வெலிசறைக் கடற்படைத் தளத்தில் ஒப்படைக்குமாறு பணித்தது. அனுமதி பெற்றவையே திரும்ப அழைக்கப்படும் காலத்தில், அனுமதியற்ற பழம்பொருளைப் பெட்டியில் மறைத்து வைத்தல் அறிவுடைமையாகாது.

ஆயின், எவ்விதக் குறிப்புமின்றிக் கையளித்து உருக்குவதற்கு விடுதல் மட்டுமே எஞ்சிய வழியா? இவ்விடயத்திற் பிரித்தானியாவின் அனுபவம் கருதத்தக்கது. 1996இல் ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் பாடசாலையில் பதினாறு பிள்ளைகளும் ஆசிரியை ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 1997இல் கைத்துப்பாக்கிகள் அந்நாட்டில் தடைசெய்யப்பட்டன. ஒரு இலட்சத்து அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன. அத்துணைத் துயரத்தின் பின்னர் இயற்றிய சட்டத்திலும், வரலாற்று முக்கியத்துவமுடைய பழைய கைத்துப்பாக்கிகளைக் கடும் நிபந்தனைகளின்கீழ், தோட்டாவின்றியோ குறித்த இடங்களிற் பாதுகாப்பாகவோ வைத்திருக்க இடமளிக்கப்பட்டது. மக்களின் உயிர்ப்பாதுகாப்பும் வரலாற்றுச் சான்றின் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பது இதனாற் பெறப்படும்.

ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

இங்கு வலுவான மறுப்பொன்று எழக்கூடும். துரையின் சுழல் துப்பாக்கியை மலையக மக்கள் ஏன் பேணவேண்டும்? அடக்கியவனின் ஆயுதத்தைக் கண்ணாடிப் பேழையில் வைத்தல் அவனுக்கே பெருமை சேர்ப்பதாகாதா? பங்களா வாழ்வை ஓர் இனிய கனவாகக் காட்டி விடுதிகள் பணமீட்டும் இக்காலத்தில், அச்சுவரிலே இன்னுமொரு அலங்காரப் பொருளாக இது சேர்ந்துவிடாதா? இம்மறுப்பு நியாயமானது. துப்பாக்கியை மட்டும் தனியே வைத்தால் நிகழக்கூடியதும் அதுவே. வீர விருதாக ஒளிரும் அவ்வாயுதம், தன் எதிரே நின்றவரைக் காட்சியிலிருந்து அகற்றிவிடும்.

எனினும் வேறொரு உண்மையையும் மறத்தலாகாது. மலையகத் தொழிலாளர் தமது வரலாற்றை ஏட்டில் எழுதி வைக்கும் வாய்ப்பைப் பெற்றவரல்லர். தோட்டத்தின் ஆவணங்கள் அனைத்தும் துரையின் அலுவலகத்திலிருந்தே தோன்றின. செக்றோலில் அவர் ஒரு பெயர். கடன் கணக்கில் ஒரு தொகை. துண்டில் ஒரு கையொப்பத்தின் கீழ்வரும் இலக்கம். வாய்மொழி நினைவும் நாட்டார் பாடலும் எஞ்சியிருப்பினும், அவை மிகைப்படக் கூறுவன என ஒதுக்குவோர் உளர். அத்தகையோருக்குப் பதிலளிக்கக்கூடியது பொருட்சான்று. தோட்டங்களிலே ஆயுத அச்சுறுத்தல் இருந்ததில்லை, துரைமார் தந்தையரைப் போல நடந்துகொண்டனர் என ஒருவர் எழுதுவாராயின், பங்களா மேசைக்குரிய சுழல் துப்பாக்கி அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும். அடக்கப்பட்டவரின் வழக்கிலே அடக்கியவரின் ஆயுதமே தடயப் பொருளாகின்றது. தடயத்தை விற்றுவிட்ட பின்னர் வழக்காடுதல் எளிதன்று.

எனவே செய்யத்தக்கது பின்வருமாறு அமையலாம். முதலில் மாவட்டச் செயலகத்துக்கோ பொலிசாருக்கோ அறிவித்துச் சட்ட நிலையைச் சீர்செய்தல் வேண்டும். அதனோடு கூடவே, கருவியின் தொடரிலக்கம், அம்புக்குறி, சோதனை முத்திரை, தோலுறை என்பன நிழற்படங்களுடன் பதிவு செய்யப்படல் வேண்டும். எத்தோட்டத்தில் யாரிடமிருந்து எவ்வாறு வந்தது என்பதை அறிந்த முதியோர் வாழ்ந்துகொண்டிருக்கும்போதே அவர்தம் வாய்மொழியைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். இரும்பு நூறாண்டு காத்திருக்கும். முதியோரின் நினைவு காத்திராது. அதன் பின்னர், சுடும் ஆற்றலை நீக்கிய நிலையில், அரச அனுமதியோடு அதனைப் பொது நிறுவனமொன்றிடம் சேர்ப்பித்தல் பொருத்தமாகும். கண்டியில் தேசிய நூதனசாலை உண்டு. ஹந்தானைப் பழைய தொழிற்சாலையில் தேயிலை நூதனசாலை உண்டு. கம்பளைக்கு அண்மையில் ஓல்ட் பீகொக் தோட்டத்தின் பழைய லய அறைகளிலே தொழிலாளரின் வாழ்வைக் காட்டும் நூதனசாலையொன்றும் அமைந்துள்ளது. இம்மூன்றனுள் இறுதியிற் கூறப்பட்டதே இத்தகைய பொருளுக்கு மிகவும் உகந்த இடம் எனத் தோன்றுகின்றது. பங்களாச் சுவரில் வேட்டைச் சின்னங்களின் அருகே தொங்கும்போது ஒரு பொருளையும், லய அறையில் கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, செக்றோல் புத்தகம் ஆகியவற்றின் அருகே கிடக்கும்போது மற்றொரு பொருளையும் அதே துப்பாக்கி தரும்.

வைத்திருப்பதா, கைமாற்றுவதா என்ற வினாவுக்கு இவ்வாறாக விடை கிட்டுகின்றது. வீட்டில் வைத்திருப்பதற்கு அது ஏற்றதன்று. சந்தையிலே கைமாற்றுவதற்கும் ஏற்றதன்று. அதனைப் பெட்டியிற் கண்டெடுத்தவர் உண்மையில் அதன் உடைமையாளரல்லர். இடையிலே வந்த காவலர். கோவிந்தனும் லட்சுமணனும் வீழ்ந்த மண்ணிலே ஆயுதம் பற்றிய கணக்கு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. அக்கணக்கை எழுத முனையும் மாணவர் ஒருவருக்கு, வெளிநாட்டுச் சேகரிப்பாளரின் பேழையிற் கிடக்கும் பத்துச் சுழல் துப்பாக்கிகளைக் காட்டிலும், எத்தோட்டத்தது எனத் தெரிந்த ஒன்று லய அறையொன்றிற் கிடப்பதே பெரிதும் பயன்தரும்.